குடைப் பாறை

"அந்தக் குடைப் பாறை ஞாபகம் இருக்குதா?" என்று அம்சவேணி கேட்டாள்.

முற்றத்தில் மணையில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

பிள்ளையார்பாளையத்து அந்த வீட்டில் தறி நின்று வெகு நேரமாகியிருந்தது. வாசல் கதவைத் தாழ் போட்டுவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றார் ராஜகோபால். வந்தவன் தன் தம்பி தனசேகரன்தான் என்று அவரால் நம்பவும் முடியவில்லை, இல்லை என்று தள்ளவும் முடியவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் தனசேகரன் வடக்கே லோடு ஏற்றிப் போன லாரி, ஜோத்பூர் தாண்டிப் பாலைவனத்து ரோட்டில் கவிழ்ந்து எரிந்துபோனது. லாரி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. இன்று காலையில், தீயில் வெந்து ஆறிய முகமும் கரகரத்த குரலுமாக ஒருவன் வந்து நின்று, "அண்ணா, நான்தான்" என்றான்.

ஆஸ்பத்திரியிலும் சத்திரத்திலுமாகக் கிடந்தானாம். தன் பெயரே சமீபத்தில்தான் நினைவுக்கு வந்ததாம். தோளில் இருந்த மச்சத்தைக் காட்டச் சொன்னால், அங்கேயும் தோல் சுருங்கிப் போயிருந்தது.

அம்மா பெயர், அப்பா பெயர், கல்யாணம் நடந்த இடம் எல்லாம் சரியாகச் சொன்னான். அதுதான் ராஜகோபாலின் சந்தேகத்தைக் கூட்டியது. போன வருடம் தனசேகரன் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவனும் இப்படித்தான் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். சில நாள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, தறியிலிருந்து அறுத்து வைத்திருந்த முகூர்த்தப் புடவையோடு காணாமல் போனான். இந்த முறை அவர் முன்கூட்டியே பக்கத்து வீட்டு முனிசாமியை அனுப்பி, போலீஸ் ஏட்டைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்.

"டீக்கடையில விசாரிச்சாலே நம்ம ஊட்டுக் கதை மொத்தமும் தெரிஞ்சிடும். தெருவுல ஒருத்தருக்கும் தெரியாததா ஒண்ணு கேளும்மா" என்று தம்பி மனைவி அம்சவேணியிடம் சொன்னார். அதற்குத்தான் அவள் பாறையைப் பற்றிக் கேட்டாள்.

"எந்தப் பாறைம்மா?" என்றார் இப்போது.

"கண்ணாலமான புதுசுல அவரு என்னை லாரியில இட்டுக்கினு போனாரு, மாமா. ஜெய்சல்மேருக்கு அந்தாண்ட. உங்ககிட்ட எங்கம்மா ஊட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போனோம்."

ராஜகோபால் திகைத்தார். "எனக்குத் தெரியவே தெரியாதே."

"யாருக்கும் தெரியாது." வந்தவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் பேசினாள். "மணல்ல நின்னுக்கினு இருக்குமே, அடி சிறுத்து, மேல குடை மாதிரி விரிஞ்சி. அந்த நெழல்ல உக்காந்து சோறு ஆக்கினோம். நான் மேல ஏறப் பாத்து வழுக்கி விழுந்தேன், நீங்க கையப் புடிச்சித் தூக்கினீங்க. ஞாபகம் இருக்குதா, இல்லியா?"

வந்தவன் கண்ணை மூடிக்கொண்டான். நெற்றியில் வியர்த்தது. எதிர்வீட்டுத் தறியும் நின்றுவிட்டது. தெருவே காது கொடுத்துக் கேட்பது போலிருந்தது.

"பாறை ஞாபகம் இருக்குது" என்றான் மெல்ல. "ஒண்ணு ரெண்டு இல்ல. ஏகாம்பரநாதர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துக் கூரையை யாரோ பேத்து எடுத்துக்கினு, தூணுங்கள மட்டும் மணல்ல உட்டுட்டுப் போன மாதிரி நிக்கும். காத்து மணலை வாரி அடிச்சி அடிச்சி, அடிப்பக்கம் அரிச்சிப் போயிருக்கும். மஞ்சக் கல்லு, சாயந்தரமானா செவந்துடும். ஒரு ஒட்டகம் வந்து முதுகைத் தேச்சிக்கினு நின்னுது."

அம்சவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூட யாரு இருந்தது? அதைச் சொல்லு" என்றார் ராஜகோபால்.

"டயர் வெடிச்சிடுச்சி. கிளீனர் டயரை உருட்டிக்கினு ஊருக்குள்ள போயிட்டான். நான் அந்த நெழல்ல படுத்துக்கினு இருந்தேன்..."

"நான்?" என்று கேட்டாள் அம்சவேணி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராஜகோபாலே கட்டிப் பிடித்துக்கொள்வார். அது அவனுக்கும் தெரிந்தே இருந்தது. அவர் முகத்தை ஒரு தடவை, அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தான்.

"நல்லா யோசிச்சிப் பாருங்க" என்றாள் அவள். "முட்டியில ரத்தம் வந்துதே. உங்க துண்டைக் கிழிச்சிக் கட்டினீங்களே."

கதவு தட்டப்பட்டது. "ஏட்டய்யா வந்துட்டாருண்ணா" என்றது முனிசாமியின் குரல்.

வந்தவன் தலையைக் குனிந்துகொண்டான். "உன்னை அங்க பாத்த ஞாபகம் இல்ல வேணி. எத்தினி தபா நெனச்சாலும் நான் தனியாத்தான் இருக்கறேன். மண்டையில அடிபட்டதுல அதுவும் போயிடுச்சி போல. கோச்சிக்காத."

"கட்டின பொண்டாட்டிய அம்மாந்தூரம் இட்டுக்கினு போனது ஒருத்தனுக்கு மறந்துபூடுமா?" என்றார் ராஜகோபால். திரும்பித் தாழை நீக்கினார்.

ஏட்டு உள்ளே வந்து அவன் தோளில் கை வைத்தார். "எழுந்திருப்பா. ஸ்டேஷன்ல வந்து பேசு."

அவன் தன் துணி மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அம்சவேணி குறுக்கே வந்து அவன் கையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே சொன்னாள்:

"ஏட்டய்யாவைப் போகச் சொல்லுங்க மாமா. இவரு எங்கிட்ட சொல்லிக் கேட்டதுதான், நான் அந்தப் பாறையைப் பாத்ததே இல்ல."