மூடிய நிலையத்தின் குறியீடு

எசன் நகரில் தீயணைப்பு அறிக்கைகளைச் சரிபார்ப்பது பிறேமாவின் வேலை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் ஐந்திலக்கக் குறியீடு உண்டு. 40917 நிலையத்தை மூடி ஒன்பது வருடமாகிவிட்டது. அங்கே இப்போது கம்பளம் விற்கிறார்கள். ஆனாலும் அந்தக் குறியீட்டில் அவ்வப்போது அறிக்கை வந்தது. அதில் குறிப்பிட்ட வீடுகள் அறிக்கை வந்த பிறகே எரிந்தன. மீட்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் பிசகவில்லை.

"அனுப்பிய நிலையம் மட்டும்தான் அதைத் திருத்தலாம்," என்று மேலதிகாரி கைவிரித்துவிட்டார்.

இன்று வந்த அறிக்கையில் அவளுடைய வீட்டு முகவரி இருந்தது. தீப்பிடித்த நேரம் 15:40. மீட்கப்பட்டவர் கட்டம் வெறுமை. சுவரில் மணி 15:36. இரவு வேலை முடித்த கணவன் டெனிஸ்டன் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பான்.

போன் எடுத்தாள். "இஞ்சருங்கோ, உடன வெளியில வாங்கோ."

"நீயுமே? எல்லாரும் சேர்ந்து என்ரை நித்திரையைக் குழப்புறியள். தீயணைப்புக்காரர் வாசலில நிண்டு கூப்பிடுகினம். இங்க புகைகூட இல்லை."

"ஹெல்மெட்டில என்ன நம்பர்?"

"நாலு, சைபர், ஒன்பது, ஒண்டு, ஏழு. போகட்டே?"

போகச் சொல்வதா, நிற்கச் சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் தொடர்பு அறுந்தது.

மீட்கப்பட்டவர் கட்டத்தில் 1 என்று அடித்தாள். அது தானாக அழிந்தது. மறுபடியும் அடித்தாள்.