பதினோரு இடத்தில் ஒரே பெயர்

பிரிண்டர் கிறீச்சிட்டு நின்றது. மேலாளர் சிதம்பரநாதன் ஓடிவந்து சிக்கிய தாளை உருவினார். முட்டிவலி எண்ணெய் பார்சல்களுக்கு முகவரி அச்சடிக்கும் ஸ்டிக்கர் தாள் அது. இருபத்துநாலு ஸ்டிக்கர்களில் பதினொன்றை நேற்றே உரித்து ஒட்டியாகிவிட்டது. உரித்த இடம் ஒவ்வொன்றிலும், அந்த வழுவழுப்பான தாளின் மேல், ஒரே பெயர் அச்சாகியிருந்தது. தே. அருள்மணி, நாசரேத்.

"பதினோரு பார்சலா? இந்த ஆளுக்கு மொத்தம் எத்தனை முட்டிம்மா?"

கணினி முன் உட்கார்ந்து முகவரி அச்சடித்துக்கொண்டிருந்த எஸ்தர் சிரிக்கவில்லை. "புரோகிராம் எப்பவும் முதல் ஸ்டிக்கர்லதான் ஆரம்பிக்கும் சார். பாதித் தாளைத் திரும்பப் போட்டா, உரிச்ச இடத்துக்கெல்லாம் ஏதாவது ஒரு பேரைக் குடுத்துத் தள்ளணும். வெறுமனே விட்டா அது ஏத்துக்காது."

மாதம் நாற்பது தாள் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது எப்படி நின்றது என்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது. "கெட்டிக்காரிதான்" என்றபடி திரையில் அந்தப் பெயரைத் தேடி எடுத்தார். இரண்டு வருடமாக ஆர்டரே இல்லை.

"இந்த மாதிரி பழைய ஆளுகளை எல்லாம் இன்னைக்கு நீக்கிடணும்னு முதலாளி சொல்லியிருக்காரு. தள்ளுறதுக்கு நீ 'காலி'ன்னு ஒரு பேரைப் போட்டுக்கோ."

அவர் விரல் நீக்கும் பொத்தானை நெருங்கியது. எஸ்தர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரேஷன் கார்டுல அப்பா பேரைப் போன வாரம்தான் எடுத்தோம் சார். இங்கயும் எடுக்கணுமா?"