வாயைப் பொத்திய காவல்காரி

திமிங்கலம் கண்ணில் படாவிட்டால் மறுமுறை காசு வாங்காமல் அழைத்துப்போவது எங்கள் ஒகினாவா படகுகளின் வழக்கம். அப்படி அந்தக் குடும்பம் மூன்றாம் முறையாக என் படகில் ஏறியது. மழை மிரட்டியதால் வேறு பயணிகள் இல்லை.

"இன்னைக்காவது காட்டிருங்க கேப்டன்," என்றார் கெய்சுகே. மனைவி சயோரி கடலைப் பார்த்தாள்.

ஏழு வயது மகள் ஹினானோவைப் பின்பக்கம் உட்காரவைத்தேன். "இந்தப் பக்கம் நீதான் காவல். தெரிஞ்சா கத்தணும்!"

யாரும் கத்தவில்லை. என் மானமே போயிற்று. திரும்பும் வழியில் தற்செயலாகப் பின்னால் பார்த்தேன். கூப்பிடு தூரத்தில் ஒரு பெரிய வால் எழுந்து அமிழ்ந்தது. ஹினானோ இரு கைகளாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

கரையில் அவளை இறக்கும்போது காதோரம் கேட்டேன்: "ஏன் கண்ணு கத்தல?"

"சொல்லிடாதீங்க மாமா. திமிங்கலம் பாத்துட்டா மறுநாளே அப்பா வேற வீட்டுக்குப் போயிடுவாராம்."

கெய்சுகே அருகில் வந்தார். "அப்ப அடுத்த வாரமா?"

குனிந்து மன்னிப்புக் கேட்டேன். "சீசன் இன்னையோட முடிஞ்சுது. இனி ஜனவரிதான்."

ஹினானோ விரல்விட்டு மாதங்களை எண்ணத் தொடங்கினாள்.