பூச்சி மாத்திரை

பறவை, விலங்குகளின் குடலிலிருந்து எடுத்த புழுக்களை மரபணுவை வைத்து இனம் பிரிப்பது அவள் வேலை. எந்தப் புழு எதற்குப் பங்காளி என்று கணினி கிளை கிளையாக வரைந்து காட்டிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மனிதரின் எச்சில் மாதிரியையும் வைப்பார்கள். அது எந்தக் கிளையிலும் ஒட்டாமல் தனியே நிற்க வேண்டும்.

வேலைவெட்டி இல்லாமல் வீட்டோடு கிடக்கும் தம்பியை அவள் நாடாப்புழு என்றுதான் திட்டுவாள். இந்த முறை கடுப்பில் அவன் எச்சிலையே வைத்தாள்.

பருந்தின் நாடாப்புழுவுக்கும் நாயின் நாடாப்புழுவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தான் தம்பி. எதுவோ கலந்துவிட்டது என்று மறுபடி செய்தாள். அதே கிளை.

மாலையில் தம்பி மூன்றாம் முறை தட்டை நீட்டினான். “இன்னும் கொஞ்சம் போடுக்கா. நீ ஏன் இப்படி இளைச்சுக்கிட்டே போறே?”

“பூச்சி இருக்குடா.” மாத்திரையைப் பிரித்தாள்.

“எனக்கா?” என்று சிரித்தான்.

“பூச்சிக்கா மருந்து கொடுப்பாங்க? யாரு வயித்துல இருக்கோ அவங்கதான் முழுங்கணும்.”

விழுங்கினாள். அவன் கை பாதியில் நின்றது.

“அக்கா, என்னமோ பண்ணுதுக்கா...”

நாற்காலியோடு சரிந்தான். அவள் மீதித் தண்ணீரையும் குடித்துவிட்டு, அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நல்ல பசி.