முனை வளைந்த ஊக்கு

கணவன் இறந்த பதினாறாம் நாள், செங்கமலத்தின் தாலிக்கயிற்றை நாத்தனார் முத்தழகி அறுத்தபோது அதில் மாட்டியிருந்த மூன்று ஊக்குகளும் உதிர்ந்தன. தாலியைக் கொடுத்த செங்கமலம், குனிந்து ஊக்குகளைத் தேடினாள். ஒன்றின் முனை வளைந்து கறுத்திருந்தது.

“இதப் போயி எடுக்குறீங்களே அண்ணி, தூரப் போடுங்க” என்ற முத்தழகிக்கு, அண்ணனின் உடலைக் குளிப்பாட்டியவர்கள் கேட்டது நினைவுக்கு வந்தது. “தோள்ல என்னம்மா, பழசும் புதுசுமா, குத்துன மாதிரி இத்தன புள்ளி?”

செங்கமலம் வளைந்த ஊக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கல்யாணமாகி மூன்று மாதமான மகள் இந்தச் சடங்கைப் பார்க்கக் கூடாதென்று அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

“ஐயோ, இன்னைக்கு அவ தாலியத் தொடாதீங்க அண்ணி!” முத்தழகி பதறினாள்.

மகள் ரவிக்கைக்குள்ளிருந்து தாலியை வெளியே எடுத்து, அம்மா ஊக்கை மாட்ட வாகாக நீட்டிப் பிடித்தாள்.