விரிசலில் வைத்த கைகள்

"எனக்காக இந்த அடுப்பை விட்டுட்டு வருவியா, நுஹாத்?" என்று போன திராட்சை அறுவடையில் எலியாஸ் கேட்டபோது அவள் சிரித்து மழுப்பினாள். இன்று பிரேசிலுக்குப் போகும் பெட்டியோடு அவன் கொட்டகை வாசலில் நிற்கிறான். தெருவில் கார் காத்திருக்கிறது. சாராயம் காய்ச்சும் செப்புக் கொப்பரையின் மூடியைச் சுற்றி அப்பிய மாவு விரிசல் விட்டு, சோம்பு மணக்கும் ஆவி சீறுகிறது. கீழே தீ. நுஹாத் ஈரமாவை வைத்து இரு கைகளாலும் அழுத்துகிறாள். "இறுகற வரைக்கும் கையை எடுத்துடாதடி, என் மீசை பத்திக்கும்!" என்று அப்பா, சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கை ஊதியபடி சிரிக்கிறார். "வாப்பா எலியாஸ், வழிக்கு ஒண்ணு எடுத்துக்க." மாவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போகலாம், ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். செம்பின் சூடு அவள் உள்ளங்கையில் ஏறுகிறது. குழாய் நுனியில் சாராயம் நூலாக இறங்குகிறது. எலியாஸ் அவள் கைகளையே பார்க்கிறான். பிறகு கிழங்கை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, காரை நோக்கிப் படியிறங்கிப் போகிறான்.