வெயிட்டு தூக்கக்கூடாது

“இடுப்பு போச்சுன்னு நம்மள நம்ப வச்சவன், நேத்து மாரியம்மன் ஊர்வலத்துல சாமி தூக்குறான் பாய்! என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

பச்சமுத்து படபடவென்று போட்டு உடைத்தான். பீங்கான் பொம்மைக் கம்பெனி முதலாளி பரக்கத்துல்லா, டீ கிளாசை அப்படியே கீழே வைத்தார்.

“யாரு, நம்ம தேவநாதனா?”

“அவனேதான். மொத ஆளா தோள் குடுத்துக்கிட்டு நிக்கிறான்!”

சொல்லிவிட்டு வெளியே வந்தவனுக்கு அடிவயிற்றில் சுருக்கென்றது. யாரும் பார்க்கவில்லையே என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தொடை இடுக்கை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான்.

அங்கே எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு புடைப்பு. எர்ணியாதான், அவனுக்கே தெரியும். மண் மூட்டை தூக்கினால் வெளியே தள்ளும், படுத்தால் உள்ளே போய்விடும். ஆனால் நேற்று ராத்திரியிலிருந்து படுத்தும் உள்ளே போகவில்லை. காலையிலிருந்து குமட்டல் வேறு. செத்துகித்துப் போய்விடுவோமோ என்று உள்ளுக்குள் உதறல்.

யாரிடம் போய்ச் சொல்வது? பொண்டாட்டி வளர்மதியிடம் சொன்னால் அழுது ஊரையே கூட்டிவிடுவாள். முதலாளியிடம் சொல்ல அதைவிடப் பயம். போன வருஷம் இங்கே மூட்டை தூக்கிய விருத்தகிரிக்கும் இதே எர்ணியாதான். ‘ஆபரேசன் பண்ணிக்கிட்டுத் தெம்பா வாப்பா’ என்று பாய் நல்ல மனசோடுதான் அனுப்பிவைத்தார். தெம்பாகத் திரும்பி வந்தால், அவன் இடத்தில் வேறு ஆள்.

அந்த வேறு ஆள் வேறு யாருமில்லை, சாட்சாத் இந்தப் பச்சமுத்துதான்!

அவனுக்கு ஜோடி தேவநாதன். ஷெட்டிலிருந்து மண் அரைக்கிற மெஷினுக்கு மூட்டை சுமக்க இவர்கள் ரெண்டு பேர்தான். ஒரு நாள் தேவநாதன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாய் முன்னால் போய் நின்றான்.

“டாக்டரு வெயிட்டு தூக்கக்கூடாதுன்னுட்டாரு பாய். ஒரு டிராலி இருந்தா மூட்டையச் சாச்சி ஏத்தி உருட்டிக்கிட்டுப் போயிடலாம்.”

பாய் முனகிக்கொண்டே டிராலி வாங்கிப் போட்டார். போதாததற்கு மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த தைலத்தையும் எடுத்துக் கொடுத்தார்.

டிராலி வந்ததில் பச்சமுத்துவுக்கும்தான் உசுரு வந்தது. அது வேற விஷயம். ஆனால் வயிற்றெரிச்சல் யாரை விட்டது? ‘நெசமா நோவுறவன் நான் பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெடக்குறேன். பொய் நோவுக்காரனுக்குத் துபாய் தைலம்!’

அதுவும் நேற்று சாமி தூக்கிய இடம் எது? வருஷா வருஷம் பச்சமுத்து தோள் கொடுக்கிற இடம்! காய்ச்சல் என்று பொய் சொல்லி அவன் ஒதுங்கி நின்ற நேரத்தில், நோகாமல் போய் நுழைந்துகொண்டான் பாவி.

பாய் ஆள் அனுப்பித் தேவநாதனைக் கூப்பிட்டார். பச்சமுத்து ஜன்னலோரம் பொம்மைகளை அடுக்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

“இடுப்பு எப்படிப்பா இருக்குது?”

“பரவால்லங்க பாய்.”

“சாமி தூக்குற அளவுக்குப் பரவால்லயா?”

பச்சமுத்து ஜன்னலை இன்னும் ஒட்டி நின்றான்.

“பொய்தான் சொன்னேன் பாய்.”

“எதுக்கு?”

“ஒடம்பு நோவாம இருக்கட்டும்னுதான்.”

“அட, தொழுவுறப்பல்லாம் ஒனக்காகத் துவா கேட்டேனேப்பா!” பாய் எழுந்து நின்றுவிட்டார். “பொய் சொல்றவன் எனக்கு வேணாம். நாளையிலேருந்து வராத.”

“சரிங்க பாய். அந்த டிராலிய மட்டும் எடுத்துடாதீங்க. இங்கியே கெடக்கட்டும்.”

தேவநாதன் வெளியே வந்தான். பச்சமுத்துவுக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தால், குமட்டிக்கொண்டுதான் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தான். கண் இருட்டியது.

ஓடிவந்து தாங்கிப் பிடித்த தேவநாதன், காதோரம் குனிந்து மெதுவாகக் கேட்டான்.

“என்னடா, உள்ள போவலியா?”

பச்சமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எ... எது?”

“நடிக்காத. தும்மல் வந்தா சுவத்துப் பக்கம் திரும்பிக் கையால அமுக்கிக்கிறியே, எனக்குத் தெரியாதா? கேட்டாலும் நீ வாயத் தொறக்க மாட்ட. அதான் எனக்கு வலின்னு சொல்லி டிராலி வாங்க வச்சேன்.”

“அப்ப, நேத்து சாமி தூக்குனது?”

“நீ ஒதுங்கி நின்னதும் ஆளாளுக்கு ‘பச்சமுத்துவுக்கு என்ன, பச்சமுத்துவுக்கு என்ன’ன்னு கெளம்பிட்டாங்க. தோண்டித் துருவுனா விஷயம் பாய் வரைக்கும் வந்துடுமேன்னு, சட்டுனு ஒன் எடத்துல நான் தோளக் குடுத்துட்டேன். எந்தப் படுபாவியோ அதப் பாத்துப் போட்டுக் குடுத்துட்டான்.”

பச்சமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பூமி பிளந்து விழுங்கிவிடாதா என்றிருந்தது.

“தேவா... அது... நான்தான்...”

தேவநாதன் காதில் வாங்கவே இல்லை. அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

“பேசாத, நோவும். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம் வா. எத்தன நாள் படுக்கப் போட்டாலும் கூட இருந்து நான் பாத்துக்கறேன். எனக்குத்தான் இனிமே வேல இல்லியே!”